தப்பாகச் சொல்லத் தெரிந்த பெண்

செங்கற்பட்டுப் பள்ளிகளின் டெபுடி இன்ஸ்பெக்டர் பஷீருதீனுக்குப் பள்ளிக்கூட விருந்து என்றாலே குமட்டும். இன்ஸ்பெக்‌ஷன் நாளில் ஊருக்கு ஒரு கோழி குறையும். அதைப் பற்றி மட்டும் எந்த அதிகாரியும் ரிப்போர்ட் எழுதியதில்லை. இவரோ, மனைவி ஹபீபா கட்டிக்கொடுத்த இட்லி டப்பாவைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்புவார். வாத்தியார் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வகுப்பின் கடைசியில் உட்கார்ந்து, கண்ணால் கண்டதை மட்டும் எழுதுவார். தன்னை யாராலும் வளைக்க முடியாது என்று அவருக்கு ஒரு கர்வம். ஐம்பத்தாறாம் வருஷம் அந்தக் கர்வத்துக்குச் சரியான அடி விழுந்தது.

நெம்மேலிக்குப் பக்கத்தில், கால்வாய்க்கும் கடலுக்கும் நடுவே ஒரு கூரைப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் சேர்த்துத் திருவேங்கடம் என்ற ஒரே வாத்தியார். கால்வாயைக் கடந்து ஓடத்திலிருந்து பஷீருதீன் சைக்கிளை இறக்கும்போதே, வேர்க்கடலை பயிரிடும் செங்கல்வராயன் எதிரே வந்து நின்றார்.

"எம் பொண்ணு பூவாயி நாலாவதுலயே குந்திக்கினு கீது சார். ரெண்டு வாட்டி பெயிலு. மண்டையில ஏறலைன்னா சொல்லிடுங்க, களை எடுக்க இட்டுக்கினு பூடறேன். இந்த வருசமும் பெயிலுன்னா நிறுத்திடுவேன்."

"வகுப்பைப் பார்த்துட்டுச் சொல்றேம்ப்பா" என்றார் பஷீருதீன்.

நாலாம் வகுப்புக்குப் பூகோளப் பாடம். "சூரியன் எங்கே மறையும்?" என்று கேட்டார் திருவேங்கடம். தலை கூரையில் இடிக்கிற மாதிரி வளர்ந்த ஒரு பெண் எழுந்து, காதைச் சொறிந்துகொண்டு, "கடல்ல சார்" என்றாள். வாத்தியார் அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைப் பிடித்து வாசலுக்கு அழைத்துப்போய்க் கடலைக் காட்டினார். "காலையில எங்கேருந்து வந்துதும்மா?" அவள் யோசித்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "கடல்லேருந்துதான் சார். அப்போ மறையறது கால்வாய்ப் பக்கம்!"

பஷீருதீன் பேனாவை மூடினார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில், இதே பெண், இதே மாதிரி காதைச் சொறிந்துகொண்டு இதையேதான் சொன்னாள். அன்றைக்கு அவர் சொக்கிப்போய், 'பிழையைப் பொறுமையாகத் திருத்தும் அரிய ஆசிரியர்' என்று எழுதித் தள்ளினார். கடலோரத்தில் பிறந்த பிள்ளை, தினமும் கடலில் சூரியன் கிளம்புவதைப் பார்க்கிற பிள்ளை, இப்படி ஒரு தப்பைச் சொல்லுமா என்று இந்த மேதாவிக்குத் தோன்றவே இல்லை. கோழிக்கு மசியாத மனிதர் ஒரு கூத்துக்கு மசிந்திருந்தார்.

வாத்தியாரை வெளியே தள்ளிக்கொண்டு போனார். திருவேங்கடம் கூசவில்லை.

"தப்பாச் சொல்லச் சொன்னா மத்ததுங்க சிரிச்சிடுதுங்க ஐயா. இந்தப் பூவாயி ஒண்ணுதான் நெசமாவே தெரியாத மாதிரி சொல்லும். கெட்டிக்காரப் பொண்ணு. மேல அனுப்பிட்டா, நாலாவதுல யாரு சொல்றது? ஐயா எழுதினதை வெச்சுத்தான் போன வருஷம் வந்த ஆபீசரும் மெச்சினாரு."

"அதுக்காகப் பெயில் போட்டீரா?"

"ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல இன்னா ஐயா? பொம்பளைப் பிள்ளைதானே?"

த்தூ! பஷீருதீன் மணலில் காறித் துப்பினார். அது வாத்தியாருக்கா, அந்த ரிப்போர்ட்டை எழுதிய கைக்கா என்று அவருக்கே தெரியவில்லை. வாழ்நாளில் இப்படி அருவருத்ததில்லை. அந்த இடத்திலேயே பூவாயியை ஐந்தாம் வகுப்புக்கு மாற்றி உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். வாசலில் காத்திருந்த செங்கல்வராயனைக் கூப்பிட்டார்.

"உன் பொண்ணு பாஸுப்பா. நல்ல புத்திசாலி. தப்பு அவ பேர்ல இல்லை."

செங்கல்வராயன் நம்பவில்லை. "மெய்யாலுமா சார்? எம் முன்னாடி எதுனா கேளுங்க."

பஷீருதீன் பெண்ணைப் பக்கத்தில் அழைத்தார். "நம்ம ராஜ்யத்துக்குத் தலைநகரம் எதும்மா?"

பூவாயி வாத்தியாரைப் பார்த்தாள். இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். பிறகு பணிவாகக் கேட்டாள்:

"சரியாச் சொல்லணுமா சார், தப்பாச் சொல்லணுமா?"

செங்கல்வராயன் படிக்காதவர்தான், ஆனால் விஷயம் விளங்க அவருக்கு வேறொன்றும் தேவைப்படவில்லை. மகளின் கையைப் பிடித்தார்.

"இரப்பா, அவசரப்படாதே" என்று பஷீருதீன் பதறினார். "அஞ்சாவதுல போட்டாச்சு. நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்."

செங்கல்வராயன் கூரைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"அஞ்சாவதுக்கும் இவருதானே சார் வாத்தியாரு?"

அப்பாவும் மகளும் வேர்க்கடலைக் கொல்லைப் பக்கம் நடந்து போனார்கள்.