கேலி செய்யாத கட்டுரை

1986 அக்டோபர் 14, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். கணவருக்குச் சாம்பார் சாதம், மகளுக்கு சாண்ட்விச். ஏழேகாலுக்கு இருவரும் கிளம்பினார்கள். துணி துவைத்து மடித்தேன். இரண்டு மணிக்கு மௌரி அவென்யூ கடையில் உளுத்தம்பருப்பு வாங்கினேன். ஆறரைக்குக் கல்லூரியில் எனக்கு வகுப்பு என்பதால் ஐந்து மணிக்கே சாப்பாடு.

மதுரையில் பதினோரு ஆண்டுகள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவள் நான். இப்போது நாங்கள் இருக்கும் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் மீண்டும் கற்பிக்க, ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும். அதற்கு விக்டோரியா காலத்து இலக்கிய வகுப்பில் குறைந்தது 'பி' வாங்க வேண்டும். முதல் கட்டுரைக்கு 'ஏ' கிடைத்திருந்தது. அதுதான் சிக்கல்.

நாங்கள் படித்த நாவலில் ஒரு தந்தை, தன் மகளை விரும்பி வந்த இளைஞனின் குடும்பம், வருமானம், அத்தைகளின் நடத்தை வரை விசாரித்துவிட்டு மறுத்துவிடுகிறார். வகுப்பில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண்ணின் திருமணம் தங்கைகளின் திருமணத்தையும் தீர்மானித்த சமூகம் அது. விசாரிக்காத தந்தைதான் பொறுப்பற்றவர் என்று ஆறு பக்கம் எழுதினேன். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் இன்றும் பையனுக்கு கிரீன் கார்டு உண்டா என்று கேட்பதையும் சேர்த்தேன். ஆசிரியை கடைசிப் பக்கத்தில், 'முகத்தில் சிரிப்பே காட்டாமல் அந்தக் காலத்தை அருமையாகக் கேலி செய்திருக்கிறீர்கள்' என்று எழுதித் தந்திருந்தார்.

அவரிடம் இன்று உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று சாப்பிடும்போது அறிவித்தேன்.

"'ஏ' குடுத்தாச்சு இல்ல? பேசாம வாங்கிக்க," என்றார் கணவர். "உங்கப்பா என் ஆபீஸுக்கே வந்து ரெண்டு பேர்கிட்ட என்னைப் பத்தி விசாரிச்சாரே, அதையும் எழுதினியா?"

"எழுதினேன். ரெண்டு இல்ல, மூணு பேர். கேண்டீன்காரரை விட்டுட்டீங்க."

"அம்மா, ஜஸ்ட் டேக் தி 'ஏ'. ஷி லவ்ட் இட்," என்றாள் மகள்.

"நான் எழுதாததுக்கு எனக்கு எதுக்குடி மார்க்?"

வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்பே போய், நான் கேலி செய்யவில்லை, ஒவ்வொரு வரியும் என் கருத்து என்று ஆசிரியையிடம் சொன்னேன். அவர் கட்டுரையை மறுபடி புரட்டினார். "அப்படியானால் இதில் பெரிய ஓட்டை இருக்கிறது. கேலி என்று நினைத்ததால் பொருட்படுத்தவில்லை. ஆறு பக்கத்தில் அந்தப் பெண் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே" என்றார். 'ஏ'யை அடித்துவிட்டு 'சி' போட்டார். வியாழக்கிழமைக்குள் திருத்தி எழுதினால் மீண்டும் பார்ப்பதாகச் சொன்னார்.

அவர் சொன்னது நியாயம். நாவலில் அவள் தந்தையோடு மூன்று அத்தியாயங்கள் வாதாடுகிறாள். நான் அவற்றை வேகமாகத் தாண்டியிருந்தேன். தந்தையின் அச்சம், மகளின் கோபம் இரண்டும் சேர்ந்ததுதான் அந்தச் சமூகம். நான் பாதியைத்தான் படித்திருந்தேன். தந்தை செய்தது சரி என்ற கருத்தை மாற்றிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து, காபி போடுவதற்கு முன்பே பென்சிலோடு உட்கார்ந்து, அந்த மூன்று அத்தியாயங்களில் முதலாவதை வரி விடாமல் படித்தேன்.