மூன்று மணிக்குச் சுற்றும் டிரம்

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம், தோல் பதனிட்டுக்கொண்டிருந்து மூடிப்போன டேனரி இருக்கிறது. அங்கே என் வீட்டுக்காரர் டிரம் ஓட்டினார். ஓர் அறை அளவு பெரிய மரப் பீப்பாய் அது. தோலும் தண்ணீரும் மருந்தும் உள்ளே கிடந்து உருளும். பகல் மூன்று மணிக்கு அடுத்த ஈட்டுத் தோலைப் போட்டுச் சுற்றவிட்டு, சுவரில் இரண்டு தட்டு தட்டுவார். நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன்.

அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. டேனரி மூடி அதற்கும் மேலே. ஆனால் மூன்று மணிக்கு டிரம் சுற்றுகிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ஓசூரில் இருக்கும் மகன் காதில் விழுந்தால், அம்மாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிப்போய்விடுவான்.

இந்த நிலைமையில்தான் ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரம்மா தோல் வேலை செய்தவர்களைப் பற்றி எழுத வந்தார். என் வயதுதான் இருக்கும். ஷூ கம்பெனி ஆபீசில் வேலை செய்யும் பக்கத்து வீட்டுப் பெண் அவர் பேச்சைத் தமிழில் சொன்னாள்.

"மொதல்ல வாசகர் கடுதாசி பிரிக்கிற வேலையாம் பெரீம்மா. அப்புறம் அடுத்தவங்க எழுதினதச் சரிபாக்கிறது. அப்புறம் எடிட்டராம். இப்ப அதையும் விட்டுட்டு ஊர் ஊரா போய் எழுதுறாங்களாம். நம்ம கம்பெனில ஹெல்பரா சேந்து சூப்பர்வைசர் ஆயிட்டு, மறுபடி மிஷின்ல வந்து குந்தின கதை!"

அந்தம்மாவுக்கும் இதைச் சொன்னாள். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

மூன்று நாள் வந்தார். வீட்டுக்காரரின் டிரம், மூன்று மணித் தட்டு, டீ எல்லாம் சொன்னேன்; இப்போதும் சத்தம் கேட்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசி நாள் நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே டிரம் சுற்ற ஆரம்பித்தது. பழக்கத்தில் எழுந்துபோய் அடுப்பில் தண்ணீர் வைத்தேன். திரும்பினால், அந்தம்மாவின் பென்சில் நின்றிருந்தது. பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம் அந்தப் பெண் போனோடு ஓடி வந்தாள். அமெரிக்காவிலிருந்து ஓர் ஆள் பேசினார். ஊருக்குப் போன பத்தாம் நாளே அந்தம்மா இறந்துவிட்டாராம். அவர் எழுதிவைத்ததை இப்போது அச்சில் போடுகிறார்களாம். அந்தப் பத்திரிகையில், சம்பந்தப்பட்டவரிடம் ஒவ்வொரு வரியையும் கேட்டு உறுதி செய்த பிறகுதான் அச்சுக்குப் போகுமாம். அதுதான் இவர் வேலை.

புடவை நீலமா? குதிகாலில் வெடிப்பு உண்டா? கதவு தெற்குப் பார்த்ததா? நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

"தலையாட்டினா அமெரிக்காவுக்கு எப்டித் தெரியும்? வாயத் தொறங்க பெரீம்மா!"

கடைசிக் கேள்வி வந்தபோது அவள் முகம் மாறியது.

"'மூணு மணிக்கு மூடின டேனரில டிரம் சுத்துது. இவங்க எழுந்து டீக்குத் தண்ணி வெக்கிறாங்க. எனக்கும் கேட்டுச்சு'ன்னு எழுதியிருக்காங்களாம். இவர் வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சாராம். டிரம்ம எப்பவோ ஒடச்சு வெறகுக்கு வித்துட்டாங்களாம். நீங்க ஆமான்னா அந்தச் சத்தத்தைப் பத்திப் போடுவாராம், இல்லன்னா வெட்டிருவாராம். இன்னா பெரீம்மா, உங்களுக்கு நெஜமா கேக்குதா?"

டிரம் அங்கே இல்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் காதுக்கு மட்டும் என்று இருந்தேன். இன்னொருத்திக்கும் கேட்டிருக்கிறது. அவள் இப்போது இல்லை. ஆமாம் என்றால், இந்தப் பெண் வாயால் என் மகனுக்கு அன்றைக்கே தெரிந்துவிடும்.

"இல்ல. அப்டி ஒண்ணும் இல்ல" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசியதே கிடையாது.

"வெட்டிட்டாராம்" என்றாள்.

மறுநாள் மூன்று மணிக்குச் சத்தம் இல்லை. அடுத்த நாளும் இல்லை. சுவரில் காதை வைத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு உதிர்கிற சத்தம்தான் கேட்டது.

பத்திரிகை வந்ததும் அந்தப் பெண் படித்துக் காட்டினாள். நீலப் புடவை இருந்தது, வெடிப்பு இருந்தது. நான் எழுந்துபோய்த் தண்ணீர் வைத்ததும் இருந்தது. எதற்கு எழுந்தேன் என்பது மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் போன் செய்தான். "தனியா பேஜாரா இல்லியாம்மா? இங்க வந்துடேன்." முன்பெல்லாம் அவன் முடிப்பதற்குள் மாட்டேன் என்றுவிடுவேன். கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

"கொஞ்சம் இருடா. மூணு மணி ஆகட்டும், சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.