பலகைக்கு எந்த வரி?

பேருந்து நிலையத்தின் பின்தெருவில் இருக்கும் அந்த விடுதியில், சாப்பிட்ட தட்டை மேசையிலிருந்து எடுப்பது எப்போதும் விடுதிக்காரம்மாதான். வேலைக்கு ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் "நல்லா இருந்துச்சா?" என்று யாரிடமும் வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. வாய் பொய் சொல்லும், தட்டு சொல்லாது என்பது அவள் கட்சி.

இளம்வயதில் இதே விடுதிக்குப் பாத்திரம் கழுவ வந்தவள். பிறகு சமையல், பிறகு குத்தகை, கடைசியில் விடுதியே அவளுடையது. கட்டிக்கொண்டவர் அறைச் சாவிகளைப் பார்த்துக்கொள்வார். மற்றதெல்லாம் இவள் தலையில். கொஞ்சம் முன்கோபி. இருந்துவிட்டுப் போகட்டுமே! நேரம் தப்பி வந்தவனைக்கூட அவள் பசியோடு திருப்பி அனுப்பியதில்லை.

போன மழைக்காலத்தில் பயணம் பற்றி எழுதுகிற இரண்டு எழுத்தாளர்கள் அங்கே தங்கினார்கள். ஒருவர் கண்ணாடிக்காரர், மற்றவர் தாடிக்காரர். ஒரே வார இதழில் இருவருமே விடுதியைப் பற்றி எழுதியிருந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வாசலுக்குப் புதுப் பலகை மாட்டி, இதழில் வந்த ஒரு வரியையும் அதில் எழுதிவிடுவது என்று முடிவுசெய்து பெயிண்டரையும் கூட்டிவந்துவிட்டார். எந்த வரி என்பதுதான் பாக்கி. பலகை ஏறிவிட்டால் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் அவளை அந்த வரியை வைத்துத்தான் எடைபோடுவார்கள். அவளுக்கு அது விளையாட்டுக் காரியமாகப் படவில்லை.

அவள் கை முழுக்க ரொட்டி மாவு. மகள்தான் படித்துக் காட்டினாள். முதலில் கண்ணாடிக்காரர் எழுதியது.

"'அமுதம்! மீனின் கடைசித் துணுக்குவரை ருசித்தேன். பரிமாறியவள் உலகம் அறியாத வெள்ளந்திப் பெண். அந்த ஏழை வீட்டின் புன்னகைக்கு ஈடில்லை.'"

"கேட்டியா? அமுதமாம்!" என்று வீட்டுக்காரர் துள்ளினார்.

"வெள்ளந்தியா? நானா?" என்றாள் விடுதிக்காரம்மா. பெயிண்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். "ஏழை வீடாம்ல! இந்த வீட்டை வாங்குனது யாருன்னு கேக்கத் தோணலையா அவருக்கு? சரி, அடுத்தவர் என்ன சொல்றார்?"

மகள் தயங்கிக்கொண்டே தாடிக்காரர் எழுதியதைப் படித்தாள்.

"'சூப்பில் உப்பு தூக்கல். ராத்திரி உருளைக்கிழங்கை மிச்சம் வைத்தேன். விடுதிக்காரம்மா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். உடம்புக்கு என்ன, வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று அதட்டினாள். எனக்குக் காய்ச்சல் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது. காலையில் கேட்காமலே கஞ்சி வந்தது. இங்கே சாப்பாட்டை மிச்சம் வைத்தால் திட்டு விழும். திட்ட ஆள் இருக்கிற வீட்டில்தான் எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.'"

"உண்ட வீட்டுக்கு ரெண்டகம்! உப்பு தூக்கலாமே!" என்று வீட்டுக்காரர் பல்லைக் கடித்தார்.

"தூக்கல்தான். நான் போட்டதுக்கப்புறம், ஒத்தாசை பண்றேன்னு வந்து நீங்க ஒரு கை அள்ளிப் போட்டீங்களே, மறந்துபோச்சா?"

அவர் அவசரமாகச் சாவிக்கொத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ரெண்டகம் பண்ணது கண்ணாடிக்காரர்ங்க. மீனை ரொட்டிக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தார். தட்டை எடுத்தது நான்தானே! பிடிக்கலைன்னா போகுது, அது அவர் நாக்கு. ஆனா அமுதம்னு எழுதிட்டா இவ குளிர்ந்துபோயிடுவான்னு நெனச்சார் பாருங்க, அதைத்தான் பொறுத்துக்க முடியல. பாவம்னு பாத்து எனக்குப் போட்ட பிச்சை அது. தாடிக்காரர் அப்படி இல்ல. தொழில் தெரிஞ்சவகிட்டதானே உப்பு தூக்கல்னு குறை சொல்லத் தோணும்? அவர் என்னை மதிச்சிருக்கார்."

சொல்லிக்கொண்டே மாவை ஓங்கி அறைந்து பிசைந்தாள். கோபம் இல்லை, பெருமைதான். இத்தனை வருஷத்தில் அவளை அவளாகவே ஒருவர் எழுதிவைத்தது இதுதான் முதல் தடவை.

"பெயிண்டர் அண்ணே, 'சாப்பாட்டை மிச்சம் வைத்தால் திட்டு விழும்.' அதை எழுதுங்க."

"அம்மா, நெஜமாத்தான் சொல்றீங்களா?"

"எழுத்து பெருசா இருக்கட்டும்."

"ஊரே சிரிக்கும்டி," என்றார் வீட்டுக்காரர்.

"சிரிச்சுக்கிட்டே உள்ள வரட்டும்."

சாயங்காலம் பலகை ஏறியது. எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, பெட்டியும் கையுமாக ஒரு பயணி வாசலில் நின்று அந்த வரியைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"திட்டுறது யாருங்க?" என்று கேட்டார்.

"நான்தான்," என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டு, அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள்.