நாலு இஞ்ச் உயரம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வலியசாலையில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு கிச்சன் ஸ்டூல். அதன் மேல் என் மனைவி லலிதா. பின்னால், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நான். எதிரே எங்கள் ஜீப்.

கோயிலுக்குப் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர், "எந்தா சாரே, பல்பு மாத்தறேளா?" என்று கேட்டார். இல்லை ஐயா… மனைவியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.

அறுபத்திரண்டு வயதுக்காரி ஸ்டூல் போட்டு ஏறும்படியான வண்டியை எந்த மடையன் வாங்குவான் என்று கேட்பீர்கள். வாங்கவில்லை. இருந்த நல்ல வண்டியை நானே அப்படி ஆக்கினேன். கைக்காசைப் போட்டு, மூன்று மாதம் காத்திருந்து ஆக்கினேன்.

லலிதா ஓய்வு பெற்ற நர்ஸ். மாதம் ஒரு ஞாயிறு பொன்முடி மலை எஸ்டேட்டில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவாள். பி.பி. பார்ப்பாள், சர்க்கரை பார்ப்பாள், மாத்திரை கொடுப்பாள், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர்களை வாய் வலிக்கத் திட்டுவாள். அங்கே பஸ் எப்போதாவது வரும்; அதுவும் மெயின் ரோடு வரைதான். மேலே லயத்துக்கு வெறும் கல் பாதை. ஜீப்பைத் தவிர எதுவும் ஏறாது. எனவே ஒன்பது வருடமாக நான் அவளுடைய டிரைவர்.

ஜீப்புக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. பழைய பட்டை ஸ்பிரிங். பாதையில் கிடக்கும் ஒவ்வொரு கல்லும் நேராக இடுப்பில் வந்து இறங்கும். எஞ்சினோ, கல்லாறு தாண்டி மலை வளைவுகள் ஆரம்பித்ததும் மூச்சு வாங்கும். போன வருடம் லலிதாவுக்கு முதுகில் டிஸ்க் தொந்தரவு வந்தது. ஒரு நாள் திரும்பி வரும் வழியில், "நடு முதுகு ரொம்ப வலிக்கறது, கேட்டேளா" என்றாள்.

கேட்டேன். மறுநாளே ஜீப்பை எடுத்துக்கொண்டு பாறசாலைப் பக்கம் செல்வராஜின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

"ஒண்ணும் பயப்படாண்டாம் சார்" என்றார் செல்வராஜ். "சஸ்பென்ஷனை மொத்தமா மாத்துவோம். எஞ்சினும் பெருசா ஒண்ணு வெப்போம். அம்மா உறங்கிட்டே மலை ஏறுவாவ."

இதற்கெல்லாம் பர்மிஷன் வாங்க ஆபீஸ் ஆபீஸாக நடந்த கதையை இங்கே சொன்னால் பக்கம் போதாது. விடுங்கள்.

என் புத்தி கெட்டது ஒர்க்‌ஷாப்பில்தான். அங்கே யாருடைய ஜீப்போ ஒன்று நின்றது. பெரிய டயர், நெஞ்சை நிமிர்த்திய நிற்பு. நான் அதையே பார்ப்பதை செல்வராஜ் கவனித்துவிட்டார்.

"நம்ம வண்டியையும் நாலிஞ்சு பொக்கட்டா சார்? காணவே ஒரு கெத்தா இருக்கும்."

பொக்குவது என்றால் எங்கள் ஊரில் உயர்த்துவது. நான் ஒரே வார்த்தை சொன்னேன்: "பொக்கிக்கோங்க."

யோசித்துப் பாருங்கள். காலேஜில் முப்பது வருடம் பிசிக்ஸ் நடத்தியவன் நான். எந்த ஸ்பிரிங் எவ்வளவு பாரம் தாங்கும், எவ்வளவு அமுங்கும் — எல்லாம் பேப்பரில் போட்டுக் கொடுத்தேன். லலிதாவால் காலை எவ்வளவு உயரம் தூக்க முடியும் என்று மட்டும் கேட்கவில்லை. வண்டி அவளுக்காகத்தான் என்பதே அந்த நிமிஷம் மறந்து போயிருந்தது. வெட்கமாக இருக்கிறது.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒரு வழியாக அவளையும், பின்னால் ஸ்டூலையும் ஏற்றினேன். செல்வராஜ் சொன்னது பொய்யில்லை. எஞ்சின் சத்தமே போடாமல் இழுத்தது. வளைவுகளில் லலிதா நிஜமாகவே கண்ணயர்ந்தாள். கல்லாறில் வழக்கமாகக் குடிக்கும் டீக்குக்கூட நான் நிறுத்தவில்லை — இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே!

லயத்து வாசலில் பெண்கள் வரிசையாகக் காத்திருந்தார்கள். ஸ்டூலை எடுத்துப் போட்டேன். சரிவான தரை, அது நிற்கவே இல்லை. இந்தப் பக்கம் வைத்தால் அந்தப் பக்கம் சாய்ந்தது. லலிதா ஒரு காலை வெளியே நீட்டினாள், உள்ளே இழுத்துக்கொண்டாள். மறுபடி நீட்டினாள்.

"சிஸ்டர், கையை எங்க தோள்ல போடுங்க. நாங்க புடிச்சுக்கிறோம்" என்று முன்னால் வந்தாள், வரிசையில் முதலில் நின்ற மாரியம்மாள்.

நான்கு பெண்கள் சேர்ந்து அவளைத் தூக்கி இறக்கினார்கள். மாரியம்மாள் அன்று காட்ட வந்ததே தோள் வலியை. நோயாளிகள் நர்ஸைத் தூக்கினார்கள். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லலிதா எல்லோரையும் பார்த்து முடித்தாள். ஆனால் யாரையும் திட்டவில்லை. மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று ஒருத்தி சொன்னபோதுகூடத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு அதே நால்வரும் அவளைத் தூக்கி ஏற்றினார்கள். வீட்டு வாசலில் ஸ்டூல் வைத்து இறங்கும்போது முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

இரவெல்லாம் வலி. மறுநாள் டாக்டர், படி வைத்தாலும் சரி, இனி அந்த வண்டியில் ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார். உடனே செல்வராஜுக்கு போன் போட்டேன். பழையபடி இறக்கித் தர முடியுமா?

"இப்போ இறக்க முடியாது சார். எஞ்சின் பெருசாக்கும்… அதுக்க அடி ஆக்ஸில்ல இடிக்கும்."

"அப்படின்னா பழைய எஞ்சினையே வெச்சுடுங்க. பழைய பட்டையையும்."

"அதையெல்லாம் பழைய இரும்பு எடுக்குற ஆக்ரிக்காரன் எடைக்குக் கொண்டு போயாச்சே சார்."

நம்மில் எத்தனை பேர் இப்படி? வீட்டில் ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் நம் கை ஸ்பேனரைத் தேடுகிறது. சொன்னவரிடம் இன்னும் ஒரு கேள்வி கேட்கத் தோன்றுவதில்லை. ரிப்பேர் செய்வது சுலபம்… கேட்பதுதான் கஷ்டம்.

புதன்கிழமை மாரியம்மாள் போன் செய்தாள். "சிஸ்டர் அடுத்த மாசம் வருவாங்கல்ல சார்? மாத்திரை தீரப் போவுது."

போனை லலிதாவிடம் கொடுத்தேன். "கீழே ஆஸ்பத்திரியில போய் வாங்கிக்கோ. நிறுத்திடாதே, என்ன?" என்றாள். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அவர்கள் போக மாட்டார்கள், நிறுத்திவிடுவார்கள். அது லலிதாவுக்கும் தெரியும். போனை வைத்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்காகத்தானே செஞ்சேன்" என்றேன். எவ்வளவு கேவலமான வாக்கியம் அது!

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் வண்டியை மாத்தச் சொன்னேனா? குழி வரச்சே கொஞ்சம் மெள்ளப் போங்கோன்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீங்க செல்வராஜ் நம்பரைத் தேட ஆரம்பிச்சாச்சு."

சஸ்பென்ஷன் இப்போது பிரமாதம். ஜீப் துளிகூடக் குலுங்குவதில்லை… வாசலிலேயே நிற்கிற வண்டி எதற்குக் குலுங்கப் போகிறது?