காது எட்டும் வரை

குழந்தைகளுக்கான கார் சீட் விற்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சாமான் வாங்க வருவதில்லை, தீர்ப்புக் கேட்க வருகிறார்கள். "நாலு வயசாச்சு, பூஸ்டருக்கு மாத்திடலாம்தானே?" என்பார் அப்பா. வேண்டாமென்று சொல்லச் சொல்லி அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணைக் காட்டுவார் அம்மா. யார் பக்கம் பேசினாலும் மற்றவர் முகம் தொங்கிவிடும்.

மாட்டுங்கா மார்க்கெட்டில் நான் இந்த வேலைக்கு வந்த காலத்தில் தொட்டிலும் நடைவண்டியும்தான் விற்றோம். கார் சீட் பின்னால் வந்தது. பட்டை வைத்த சீட்டில் குழந்தையின் தோளையும் இடுப்பையும் அந்தச் சீட்டின் பட்டைகளே பிடித்துக்கொள்ளும். பூஸ்டர் அப்படியில்லை. அது பிள்ளையைச் சற்று உயர்த்தி உட்கார வைக்கும், அவ்வளவுதான். பிடிக்கிற வேலை காரின் பெல்ட்டுக்கு. அவசரப்பட்டு மாற்றினால் அந்த பெல்ட் தோளில் விழாமல் கழுத்தில் விழும். இதைப் படிக்கிறவர்களில் சின்னப் பிள்ளையும் காரும் சேர்ந்து வாய்த்தவர்களுக்கு இந்தச் சண்டை புதிதாக இருக்காது.

எங்கள் வீட்டுக்கும் அது வந்தது. செம்பூரில் மகன் செந்திலோடு இருக்கிறேன். மருமகள் ரேவதி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். பேத்தி யாழினியின் சீட்டைப் பிறக்கப்போகும் குழந்தைக்கு வைத்துக்கொண்டு, நாலு வயதுக்காரியை பூஸ்டரில் உட்கார வைப்பது என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஆனால் அந்தச் சீட் என் மனைவி தன் கடைசி வருஷத்தில் பார்த்துப் பார்த்து எடுத்தது. சட்னி சிந்தினாலும் தெரியாத காப்பிப்பொடி நிறம். "அம்மா யாழினிக்குன்னு வாங்கினதுங்கிறதாலதானே மாத்த வேண்டாம்கிறீங்க?" என்று செந்தில் கேட்டான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே நிச்சயமில்லை.

ஃபெயில்

அந்த நாட்களில் ஒரு பாலக்காட்டுக் குடும்பத்து அப்பா மகனோடு வந்தார். வங்கி உத்தியோகம். "சார், இவன் ரெடி. பூஸ்டர் எடுங்கோ" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். மகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பையன் வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுக் காட்டினான். அப்படித்தான் அந்தக் காலத்தில் என்னையும் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். என் கையும் தன்னால் மேலே போயிற்று.

"இதுக்கும் காதுதான் சார் கணக்கு. கை வேண்டாம்" என்றேன். வெளியே நின்ற அவர் காரிலிருந்த பழைய சீட்டில் பையனை உட்கார வைத்தேன். காதின் மேல் நுனி சீட்டின் மேல் விளிம்பு வரை எட்டினால் அந்தச் சீட் போதாது என்று பொருள். தோளுக்கான பட்டை நுழைகிற மேல் துளையைத் தோள் தாண்டினாலும், சீட்டில் எழுதியிருக்கும் எடையோ உயரமோ மிஞ்சினாலும் அப்படியே. பையனின் காது விளிம்புக்கு நாலு விரல் கீழே இருந்தது, மற்றவற்றுக்கும் இடமிருந்தது. "அப்பா, நான் ஃபெயிலா?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

அவர் அவன் தலையைத் தடவிக்கொடுத்தார். "ஃபெயில் இல்லடா கண்ணா, அதே கிளாஸ்ல இன்னும் கொஞ்ச நாள்."

குஷன்

தாராவியில் தோல் பை கடை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். கார் இரண்டாம் கை; ஆனால் சிவப்பு ரெக்சின் உறை போட்டுப் புதுப் பெண் மாதிரி வைத்திருந்தார். மகளுக்கு ஆறு வயது. காது, தோள், எடை எல்லாமே எட்டிவிட்டன. யாரும் யாருக்கும் கண் காட்டவில்லை. இப்படி ஒரு வாடிக்கையாளர் அமைவது அபூர்வம். சந்தோஷமாக பூஸ்டரைத் தூக்கிக்கொண்டு போனோம்.

பின் சீட்டில் பெல்ட்டைச் செருகிப் பூட்டும் பக்கிளைக் காணோம். எங்கள் கடையில் சீட் பொருத்துகிற முருகன் சீட் இடுக்கில் முழங்கை வரை விட்டுத் துழாவினான். "அண்ணாச்சி, பெல்ட்ட உள்ள வச்சுல்லா தச்சிருக்கான்!" என்று கத்தினான். உறை தைத்தவன் பக்கிள் மூன்றையும் உள்ளே தள்ளி மேலே ரெக்சினை இழுத்து மூடியிருந்தான். முருகன் தையலைப் பிரித்தான். முதலில் ஒரு ஹேர்பின் வந்தது, பிறகு கடலைத் தோல், அதன் பிறகு பக்கிள். தோல் பை கடைக்காரர் சிவப்பு ரெக்சினின் கிழிசலை விரலால் சேர்த்துச் சேர்த்துப் பார்த்தார்.

அவர் மனைவிதான் பக்கிளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தன நாளும் இது மேலயா உக்காந்து போனோம்? நான் குஷன்தான் கட்டியா இருக்குன்னுல்லா நெனச்சேன்!"

கடைப் பையன்

இது செம்பூரிலிருந்து வந்த ஒரு அம்மா. தானே காரோட்டி மகனை வடாலாவில் உள்ள பள்ளிக்கு அழைத்துப்போகிறவர். பையனுக்கு ஐந்து முடிந்துவிட்டது, அளவுகளும் எட்டிவிட்டன. இன்னும் உயரமான பிள்ளைக்கான பட்டை சீட்டும் உண்டென்று காட்டினேன். அவருக்கு பூஸ்டர்தான் வேண்டும். சரி, வழி முழுக்க நிமிர்ந்து உட்காருவானா, பெல்ட்டைக் கழற்றாமல் இருப்பானா என்று பார்க்க வேண்டும். கடையில் உட்கார வைத்தேன். கோயில் சிலை தோற்றது. நான் பாஸ் போட்டு அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரமே பூஸ்டரோடு திரும்பி வந்தார். வழியில் மோனோரயில் தலைக்கு மேலே போகிறதாம். அது கண்ணில் பட்ட உடனே இவன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எதிர்ப் பக்கத்துக் கண்ணாடிக்குத் தாவுகிறானாம். "ரோஜ் கா டிராமா, அங்கிள், தினமும் இதே கூத்து" என்றார். அளவு எட்டினால் போதாது, ஓடுகிற காரில் பார்க்காமல் பாஸ் போடக்கூடாது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. உயரமான பட்டை சீட்டையே மாற்றிக் கொடுத்தேன்.

போகும்போது திரும்பி நின்று அவர் சொன்னது: "அன்னிக்குக் கடையில உட்கார்ந்திருந்தானே ஒரு பையன், அவன் திரும்ப வந்தா சொல்லுங்க, அவனையே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

முலுண்ட் தாண்டி

ஓடுகிற காரில்தான் பார்க்க வேண்டும் என்று அந்த அம்மாவிடம் கற்றதை மனதில் வைத்துத்தான், நான் அளந்து சொன்னாலும் நம்பமாட்டார்கள் என்று வீட்டில் வாதாடுவதை விட்டுவிட்டு, முதுகும் தலைக்குப் பக்கத் தாங்கலும் வைத்த ஒரு பூஸ்டரைக் கடையிலிருந்து கொண்டுபோனேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணில் இருக்கும் ரேவதியின் அம்மா வீட்டுக்குப் புறப்பட்டோம். போகும்போது யாழினி நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்து வண்டிக்காரர்களுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு வந்தாள். "பாத்தீங்களாப்பா?" என்றான் செந்தில். பார்த்தேன்.

திரும்பும்போது முலுண்ட் தாண்டியதும் தூங்கிவிட்டாள். உடம்பு பக்கவாட்டில் சரிந்தது. தோளில் இருந்த பெல்ட் கழுத்துக்கு ஏறியது, இடுப்பில் இருந்தது வயிற்றுக்கு வந்தது. ரேவதி ஒரு கையால் அவளைத் தாங்கிப் பிடித்து, இன்னொரு கையைத் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு செம்பூர் வரை வந்தாள். முன் சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாமனார் பேசக்கூடாத நேரங்கள் உண்டு.

மறுநாள் காலையில் ரேவதியே பழைய சீட்டை ஹாலில் வைத்து யாழினியை உட்கார வைத்தாள். காதுக்கும் விளிம்புக்கும் நடுவே விரலை வைத்துப் பார்த்தாள். இரண்டு விரல் இடம் இருந்தது. அந்த இரண்டு விரலுக்கு என் மனைவி யாரென்று தெரியாது. எனக்கு நிம்மதியாக இருந்தது. ரேவதி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏங்க, அத்தை அளவு பார்த்துத்தான் வாங்கியிருக்காங்க. இது இன்னும் இவளோடதுதான். பாப்பாவுக்கு வேற பார்க்கலாம்."

தம்பிக்கு

பேரன் பிறந்தான். அவனுக்குக் கைக்குழந்தை சீட் ஒன்று வாங்கினோம். யாழினி காரில் ஏறும்போதெல்லாம் "தாத்தா, காது?" என்பாள். "இன்னும் இல்லைம்மா" என்பேன். பள்ளிக்கூடம் போனாள், முன்பல் ஆடியது, காது மட்டும் வந்து சேரவில்லை. தம்பிக்கு அவனுடைய சீட் சிறியதாகத் தொடங்கிய சமயத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காதின் நுனி விளிம்போடு சமமாக நின்றது. செந்தில் குனிந்து ஒருமுறை, நிமிர்ந்து ஒருமுறை பார்த்தான். "வந்துடுச்சுப்பா" என்றான்.

அன்று பூஸ்டரில் கல்யாண் வரை போனாள். திரும்பும்போது முலுண்ட் தாண்டியதும் வழக்கம்போலத் தூங்கினாள். இந்த முறை தலை பூஸ்டரின் பக்கத் தாங்கலில் சாய்ந்து நின்றது, பெல்ட் தோளைவிட்டு நகரவில்லை. மறுவாரம் காப்பிப்பொடி நிறச் சீட்டைப் பின்பக்கம் பார்க்கத் திருப்பிப் பொருத்தி, தம்பியை அதில் வைத்துப் பட்டையைப் பூட்டினோம். அவன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினான்.

யாழினி எட்டி அவன் காதைப் பிடித்துக்கொண்டு சமாதானம் சொன்னாள்: "அழாதடா. இது வளர்ற வரைக்கும்தான்."

இப்போதெல்லாம் கடையில் யாராவது "சார், இவனுக்கு நாலு வயசு" என்று ஆரம்பித்தால் என் கை தன்னால் என் காதுக்குப் போய்விடுகிறது. பாவம், கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்து அதையே இன்னும் உரக்கச் சொல்கிறார்கள்.