சைலன்சர் கழன்ற கிடார்

2005-ஆம் வருஷம், தை மாசம். மதுரை தல்லாகுளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியறையில் இயங்கிய சின்ன ரிக்கார்டிங் ஸ்டுடியோவில் நடந்த சம்பவம் இது.

அப்போது எனக்கு முப்பது வயசு. வாரநாளில் ஆபீஸ் குமாஸ்தா. சனி, ஞாயிறுகளில் லைட் மியூசிக் குழுவில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவன். ஸ்டுடியோ என் கல்லூரி நண்பனுடையது. கிடார் தேவைப்பட்டால் என்னைத்தான் கூப்பிடுவான்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் ஒரு டிஜிட்டல் ஆம்ப் மாடலர் வாங்கியிருந்தேன். கிடார் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். எலெக்ட்ரிக் கிடாரைத் தனியாக மீட்டினால் கொசு பாடுகிற மாதிரிதான் கேட்கும். ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பிறகு ஒரு ஸ்பீக்கர் பெட்டி என்று இரண்டையும் தாண்டி வந்தால்தான் அது நாம் கேட்டுப் பழகிய கிடார் சத்தம். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வீட்டில் வைத்து வாசித்தால் அக்கம்பக்கத்தார் சும்மா விட மாட்டார்கள். மாடலர் என்பது அந்த ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பெட்டி எல்லாவற்றின் சத்தத்தையும் தனக்குள்ளேயே செய்துகாட்டுகிற ஒரு கருவி. சாப்பாட்டுத் தட்டு அகலம்தான் இருக்கும்.

மூன்று வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, எனக்கென்று ஒரு சத்தம் செய்து, ஏழாம் நம்பரில் சேமித்து வைத்திருந்தேன். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் எதிரொலி, அடியில் நல்ல கனம். வெளியே ஒன்றும் கேட்காது. என் முகம் மட்டும் ஏறி இறங்குவதைப் பார்த்து என் மனைவி சிரித்துச் சிரித்து ஓய்ந்துபோனாள். எனக்கோ, மதுரையிலேயே இப்படி ஒரு சத்தம் வேறு யாரிடமும் இல்லை என்று நினைப்பு.

ஒரு சனிக்கிழமை காலை நண்பன் கூப்பிட்டான். மேலூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். மறுநாள் சாயங்காலம் அவருடைய தங்கைக்குக் கல்யாண வரவேற்பு. தங்கைக்காக அவரே இரண்டு பாட்டு எழுதி மெட்டும் போட்டிருக்கிறார். அவற்றைப் பதிவு செய்து, சிடியில் மண்டபத்தில் போட வேண்டும். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் ஸ்டுடியோ அவருக்கு. அதன் பிறகு வேறு ஆட்கள் வருகிறார்கள். கல்யாண வேலை இருப்பதால் அவராலும் மறுபடி வர முடியாது.

கீபோர்டும் தாளமும் நண்பன் ஏற்கெனவே முடித்து வைத்திருந்தான். கிடாரும் குரலும்தான் பாக்கி. அந்தப் பெண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். ஒரு கையில் பாட்டு நோட்டு, இன்னொரு கையில் எங்களுக்காகக் கொண்டுவந்த அதிரசம். மேலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அவரும் கணவருமாக டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பதாகச் சொன்னார். கணக்கு எழுதத்தான் உட்காருவார் என்று நினைத்துக்கொண்டேன். கார்பரேட்டரையே கழற்றி மாட்டுகிறவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் மாடலரை வைத்து, கேபிளை நண்பனின் மிக்சரில் சொருகி, ஏழாம் நம்பரை அமுக்கி, கெத்தாக எல்லாத் தந்திகளையும் சேர்த்து ஒரு மீட்டு மீட்டினேன்.

ஸ்பீக்கரில் வந்தது கிடார் இல்லை. தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற சத்தம். காது கூசியது.

நண்பன் என்னைப் பார்த்தான். நான் உடனே, "கேபிள் சரியில்ல மாப்ள," என்றேன். மாற்றினான். அதே சத்தம். "உன் மிக்சர்ல ஏதோ கோளாறு" என்றேன். அதையும் கழற்றி வேறு வழியில் மாட்டினான். அதே சத்தம். கரண்டில் கோளாறு, பிளக்கில் கோளாறு என்று வரிசையாக அவன் பொருட்கள் எல்லாவற்றையும் குறை சொன்னேன். என் பெட்டியில் தப்பு இருக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. மணி பதினொன்றே கால் ஆகிவிட்டது.

அந்தப் பெண் மெதுவாகச் சொன்னார். "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. சைலன்சர் கழண்ட வண்டி மாதிரி கத்துது."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க பாட்டைப் பாத்துக்கங்க. சத்தத்தை நாங்க பாத்துக்கிறோம்," என்று சொல்லிவிட்டேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் புரட்ட ஆரம்பித்தார்.

நாலாவது கேபிளை மாட்டிய பிறகு நண்பனுக்கு அலுத்துவிட்டது. அந்தப் பெண்ணிடமே திரும்பி, "என்னமோ சொன்னீங்களே, அது என்னங்க?" என்று கேட்டான்.

"இன்ஜின் நல்லாத்தாண்ணே ஓடுது," என்றார் அவர். "அவர் விரல் வைக்கிறதெல்லாம் சுத்தமா கேக்குது. சத்தம் வெளிய வர்ற வழியிலதான் ஏதோ ஒண்ணு மாட்டாம விட்ருக்கு."

அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு கச்சேரி. அங்கே மேடையில் நிஜமான ஸ்பீக்கர் பெட்டியே இருந்ததால், மாடலருக்குள் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டிச் சத்தம் வேண்டாம் என்று அணைத்து வைத்தேன். எல்லா நம்பருக்கும் சேர்த்து ஒரே செட்டிங் அது. அந்த வாரம் பூரா ஆபீஸில் ஆடிட். கருவியைத் தொடவே இல்லை, சுத்தமாக மறந்துபோனேன். ஆம்ப்ளிஃபயர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது; ஸ்பீக்கர் பெட்டி இல்லை. அவர் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி.

அதை அங்கேயே ஒப்புக்கொண்டிருக்கலாம். நான் செய்தது வேறு. "கடைசியா இன்னொரு கேபிள் மாத்திப் பாரு மாப்ள," என்று நண்பனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, குனிந்து, அந்த செட்டிங்கை ஆன் செய்தேன். அவன் மாட்டினான். நான் மீட்டினேன். கிடார் கிடாராக வந்தது.

"நான்தான் சொன்னேன்ல, கேபிள்தான்," என்றேன்.

நண்பன் பழைய கேபிளின் முனையை வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டான். ஒரு பாவமும் அறியாத கேபிள்.

பதிவு தொடங்கும்போது மணி பன்னிரண்டு. அந்தப் பெண்ணுக்கு அருமையான குரல். ஆனால் நான் மூன்று வாரம் செதுக்கிய சத்தம் அந்தக் குரலை விழுங்கியது. "மாப்ள, தனியாக் கேட்டா ஜோராத்தான் இருக்கு. அவங்க பாடுறது காணாமப் போகுதுடா," என்றான் நண்பன். வேறு நாளாக இருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு வாயைத் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. கரகரப்பைப் பாதியாகக் குறைத்தேன். அடிக்கனத்தை எடுத்தேன். எதிரொலியைச் சுத்தமாக நிறுத்தினேன். நடு ஸ்தாயியை மட்டும் கொஞ்சம் தூக்கினேன். தனியாகக் கேட்டால் அது ஒல்லியான, சாதாரணமான சத்தம். அவர் பாடும்போதோ, குரலுக்குப் பக்கத்தில் ஒழுங்காக நடந்து வந்தது. அதுவரைக்கும் நான் பதிவு செய்ததிலேயே நல்ல கிடார் அதுதான்.

ஒரு பாட்டு முடிந்தது. இரண்டாவதற்கு நேரம் இல்லை. அடுத்த ஆட்கள் படியேறி வந்துவிட்டார்கள்.

"பரவால்லண்ணே, ஒண்ணு போதும்," என்று நோட்டை மூடினார். இரண்டாவது பாட்டு தங்கையின் சேட்டைகளைப் பற்றியது, அதைத்தான் அவர் ரொம்ப ஆசையாக எழுதினார் என்று நண்பன் பிறகு சொன்னான்.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "மேலூர் என்ன எம்புட்டு தூரம்?" என்று மட்டும் கேட்டாள்.

முதலில் நண்பனுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். "அப்ப என் கேபிள்?" என்றான். புதுசு வாங்கித் தருவதாகச் சொன்ன பிறகுதான் சிரித்தான்.

மறுநாள் சாயங்காலம் முதுகில் கிடாரும், மஞ்சப்பையில் மாடலருமாக மேலூர் பஸ்ஸில் ஏறினேன். மண்டபத்துக்குள் நுழையும்போது முதல் பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள்கூட நின்று கேட்டார்கள். அந்தப் பெண் என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, சாப்புடுங்க," என்று ஓடிவந்தார்.

சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். கேபிளில் ஒன்றும் இல்லை, தப்பு என்னுடையது, நீங்கள் சொன்னதுதான் சரி, என்னால்தான் இரண்டாவது பாட்டு போச்சு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

"தெரியும்ணே. குனிஞ்சு அமுக்குனீங்கள்ல, பாத்தேன்."

"அப்பவே ஏங்க சொல்லல?"

"சொன்னா உங்களுக்குக் கை நடுங்கும். எனக்குப் பாட்டு நல்லா வரணும்ல." அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. மஞ்சப்பையைக் காட்டி, "ரெண்டாவது பாட்டை இப்பப் பாடுறீங்களா?" என்று கேட்டேன்.

மண்டபத்து மைக் செட்காரர் ஒரு வயர் கொடுத்தார். அந்தப் பெண் பாட, நான் வாசித்தேன். தங்கை சைக்கிள் பழகப் போய் வைக்கோல்போரில் சொருகியது, மார்க் ஷீட்டை டயருக்குள் ஒளித்து வைத்தது எல்லாம் வரிசையாகப் பாட்டில் வந்தது. மேடையில் கல்யாணப்பெண் முகத்தை மூடிக்கொண்டாள். மாப்பிள்ளை ஒவ்வொரு வரிக்கும் குனிந்து, நிஜமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் இன்னொரு தடவை பாடச் சொன்னார்கள். பாடினோம்.

அவமானப்படுத்தியவனையும் பதறவிடாமல் பார்த்துக்கொண்டு, தன் பாட்டையும் நன்றாக முடித்துக்கொண்ட அந்த நிதானம் இன்னும் எனக்குக் கைகூடவில்லை. ஆனால் தப்பு என்னுடையது என்று தெரிந்த நொடியில் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவது மட்டும் அன்றைக்கு ஆரம்பித்து இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.