எசென்ஷியலுக்கு நான் எழுதிய அர்த்தம்

மருந்துக்கடைக் கம்பவுண்டருக்கு மருந்து கலக்குவது சுலபம். லேபிளுக்கு அர்த்தம் சொல்வதுதான் உயிரை வாங்கும். கவுண்டருக்குப் பின்னால் நின்று தொண்டை வறண்டவர் யாராவது இதைப் படித்தால், என் பாடு அவருக்குப் புரியும்.

யுத்தம் முடிந்த புதிதில் மயிலாப்பூரில் எங்கள் கடைக்கு ஒரு புது டானிக் வந்தது. டைபாய்டில் இளைத்தவர்களுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பார்கள். சீசாவில் கொட்டை எழுத்தில் 'எசென்ஷியல் அமினோ ஆசிட்ஸ்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது. என் நிம்மதி அன்றோடு தொலைந்தது.

ஒரு ஸ்பூன்

கணவருக்கு வாங்கிப்போன கச்சேரி ரோட்டு மாமி, அரைமணியில் சீசாவோடு திரும்பி வந்தாள். "ஆசிட்டாமே! தட்டான் நகை கழுவறதைப் போய் அவர் வயித்துல விடச் சொல்றேளா?"

"அந்த ஆசிட் இல்லை மாமி. பாலில் இருக்கும் புரோட்டீன் சத்தை உடைத்தால் சின்னச் சின்னத் துண்டாக வரும். அதற்குத்தான் இந்தப் பெயர்" என்றேன். மாமி மசியவில்லை, என்னையே ஒரு ஸ்பூன் குடித்துக் காட்டச் சொன்னாள். குடித்தேன். கசப்பும் நாற்றமும் சேர்ந்து கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாலுன்னேளே, பாலைக் குடிச்சா யாராவது இப்படி அழுவாளா?"

மூக்கு

அடுத்த வாரம் ராயப்பேட்டையிலிருந்து ஓர் அத்தர் வியாபாரி தன் மச்சானுக்காக வந்தார். எசென்ஷியல் என்றால் எசன்ஸ் என்று எடுத்துக்கொண்டார். "இல்லை பாய், உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத சத்து. சாப்பாட்டிலிருந்து வந்தே ஆகவேண்டும். அதனால் எசென்ஷியல்" என்று மூன்று தடவை சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு தக்கையைத் திறந்து முகர்ந்தார்.

"முப்பது வருசமா எசன்ஸு விக்கிறேன் நைனா, இதுக்கு எசன்ஸுன்னு பேரு வச்சவனுக்கு மூக்கு எங்க கீது?"

சீட்டு

இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்து, தமிழில் சீட்டு எழுதி ஒவ்வொரு சீசாவிலும் ஒட்டினேன். இருந்த எரிச்சலில் சுருக்கமாக எழுதினேன்: 'அத்தியாவசியமான சத்துக்கள் எல்லாம் இதில் உள்ளன. மற்றவை அவசியமில்லாதவை.' பத்து நாள் கடையில் அமைதி. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினோராம் நாள், இந்த டானிக்கை எழுதிக் கொடுக்கும் டாக்டர் ஒருவர் ரிக்ஷாவிலிருந்து குதித்து, என் சீட்டைக் கவுண்டரில் அறைந்தார். தி.நகரில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், டைபாய்டிலிருந்து எழுந்த மகளுக்கு என் சீட்டை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, பருப்பு, மோர், சோறு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டாராம். ஒன்பது நாள் டானிக்கும் கஞ்சித் தண்ணீரும்தான். அந்தப் பெண் மாடிப்படியில் மயங்கி விழுந்து நெற்றியில் தையல். டாக்டர் கத்தினார்:

"மத்த அமினோ ஆசிடை 'நான்-எசென்ஷியல்'ங்கறது உடம்புக்கு வேண்டாம்னு இல்லைய்யா, உடம்பே பண்ணிக்கும்னு அர்த்தம், பண்ணிக்கிறதுக்கும் அவளுக்குச் சோறு வேணும்!"

பனகல் பார்க் பக்கத்து வீடு

எல்லாச் சீட்டையும் அன்றே கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் காலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாத்தியார் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ தலையைக் குனிந்துகொண்டு, "அச்சடிச்ச மாதிரி அழகா எழுதியிருந்தீங்க சார், நம்பிட்டேன்" என்றார். அது அடியைவிட வலித்தது. அந்தப் பெண் நெற்றிக்கட்டோடு கூடத்தில் உட்கார்ந்து பருப்புசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன். வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"உங்க கையெழுத்து நல்லா இருக்கு சார், கடிதாசு எழுதுங்க, மருந்துக்கு அர்த்தம் மட்டும் எழுதாதீங்க."

அது நல்ல டானிக்தான். படிக்கத் தெரிந்தவர் வாங்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை வேண்டும், எழுதத் தெரிந்தவன் விற்கும்போது ரொம்பவே வேண்டும்.